அங்கே ஏன் ஓடுகிறது என்று கேட்டவர்

சேகரின் அழைப்பு வந்தபோது நான் கோமதியின் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன். காலையில் அவருக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தேன். வழக்கமாக அரை மணி நேரத்துக்குள் பதில் வந்துவிடும். பதிலாக இல்லாவிட்டாலும் என் கேள்வியில் என்ன பிழை என்றாவது எழுதியிருப்பார். அன்று எதுவும் வரவில்லை. அலைபேசியில் அவருடைய கணவரின் பெயரைப் பார்த்ததும், மலையில் கரண்ட் இல்லை போலிருக்கிறது, அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"சம்பத் சார், கோமதி போய்ட்டா சார்."

"எங்க போயிருக்காங்க?" என்று கேட்டேன்.

அவருக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. "போளூருக்கா? எப்ப வருவாங்க?" என்று மறுபடியும் கேட்டேன். அதன் பிறகுதான் சேகர் அந்த இன்னொரு சொல்லைச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

காலையில் நெஞ்செரிச்சலாக இருக்கிறது என்று கீழே கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். "வாயுவாத்தான் இருக்கும்" என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். மாடியில் இருக்கும் தன் அறைக்குத் திரும்பப் படியேறியவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரரும் இன்னும் இருவரும் தூக்கிவந்து படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறார்கள். வண்டி மலையிறங்கிப் போளூரைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முந்தின நாள்தான் மாலைக் கூட்டத்தில் என்னோடு சண்டை போட்டார். சண்டை முடியவில்லை. "நாளைக்குப் பேசலாங்க" என்று சொல்லித்தான் திரையிலிருந்து போனார்.

கோமதியை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரில் பிறந்தவர். வீட்டில் சாமையும் கொஞ்சம் புளிய மரங்களும். மலையிலேயே விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பு, கீழே இறங்கிப் பொறியியல் படிப்பு. பிறகு வேலூரில் எங்கள் சிறிய நிறுவனத்தில் சேர்ந்தார். நாங்கள் செயற்கைக் கால் செய்கிறவர்கள். குறிப்பாக, முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர்களுக்கான மூட்டு. கோமதியும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்தோம்.

எங்கள் வேலையை எளிதாகச் சொல்லிவிடலாம். மூட்டு ஒன்றை இரும்பில் செய்து பார்ப்பதற்கு முன்னால் கணினிக்குள் செய்து பார்ப்போம். எடை, புவியீர்ப்பு, சரிவு, உராய்வு எல்லாம் கணக்காக உள்ளே இருக்கும். திரையில் ஒரு பொம்மை மனிதன் நடப்பான். அவன் விழுந்தால் மூட்டு சரியில்லை. விழாமல் நடந்தால் பட்டறைக்குச் சொல்வோம். அந்தச் சிமுலேஷனை ஓட்டுவதற்கு ஒரு மென்பொருள் இருந்தது. உலகத்தில் பல ஊர்களிலிருந்து பலர் சேர்ந்து எழுதி இலவசமாகப் பகிர்ந்துகொள்வது. பொம்மை மனிதனை விவரிக்கும் கோப்புகளை எழுதுவது கோமதி. மூட்டின் பொறியைப் பார்த்துக்கொள்வது நான்.

முதல் நாளிலிருந்தே அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் "எங்கேருந்து?" என்று கேட்பார். "இடது பக்கம் நகர்த்துங்க" என்றால் "யாருக்கு இடது?" என்பார். "பத்து சென்டிமீட்டர் மேல" என்றால் "எங்கேருந்து பத்து?" என்பார். மதியம் சாப்பிடப் போகும்போது "அந்த ஓட்டல் கிட்டதான் இருக்கு" என்று யாராவது சொன்னால்கூட விடமாட்டார். முதல் ஆண்டில் இது எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் ஆண்டில் சிரிப்பாக இருந்தது. பிறகு நாங்களும் அப்படியே கேட்க ஆரம்பித்துவிட்டோம்.

அவர் எல்லோரிடமும் இனிமையாகப் பழகியவர் என்று எழுதினால் அது பொய். வெடுக்கென்று பேசுவார். புதிதாக வந்த ஒரு பெண்ணின் கோப்பைப் பார்த்து, "இத எழுதனப்போ தூங்கிட்டிருந்தியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அந்தப் பெண் கழிவறைக்குள் போய் அழுதாள். கோமதி மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வார இறுதியில் ஊருக்குப் போனவர் திங்கட்கிழமை ஒரு முழுப் பலாப்பழத்தை மலையிலிருந்து பஸ்ஸில் சுமந்துவந்து அந்தப் பெண்ணின் மேசைமேல் வைத்தார். அலுவலகம் முழுக்க வாசனை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அவரே அறுத்துச் சுளை எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு அந்தப் பெண் அவரை விட்டு நகரவில்லை.

திருமணம் ஆனது. சேகருக்கு ஜமுனாமரத்தூரில் ஆசிரியர் வேலை. கோமதி தானும் மேலே போய்விடுவதாகவும், அங்கிருந்தே வேலை செய்வதாகவும் சொன்னார். எங்கள் நிர்வாகி ரகுபதி சாருக்கு அது பிடிக்கவில்லை. "மலை மேல நெட்டு எப்பிடிம்மா?" என்று கேட்டார். "கெடைக்கற எடத்துல ஒரு ரூம் பாத்துக்கறேன் சார்" என்றார் கோமதி. அப்படித்தான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கடைக்கு மேலே, அந்த மாடி அறை. சந்தை நாளில் கூட்டம் நடத்தினால் அவர் குரலுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் புளியும் பூண்டும் விற்பார்கள். "கொஞ்சம் இருங்க, அந்தாளு முடிக்கட்டும்" என்பார். நாங்கள் எல்லோரும் திரைக்கு முன்னால் அமைதியாக உட்கார்ந்து பூண்டுக்காரர் முடிக்கும்வரை காத்திருப்போம்.

இனி நான் சொல்லப்போவதுதான் கோமதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது.

எங்களுடைய பழைய மூட்டு கனமாக இருந்தது. அதில் டேம்பர் என்று ஒரு சிறிய எண்ணெய்க் குழாய் உண்டு. மூட்டு சட்டென்று மடங்கிவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். பழைய டேம்பர் பெரியது. அதை அணிந்தவர்கள் எல்லோரும் எடையைத்தான் குறை சொன்னார்கள். அதனால் சிறிய டேம்பர் ஒன்றை வடிவமைத்தோம். சமதரையில் பட்டறையிலேயே சோதித்தோம், நன்றாக இருந்தது. சரிவில் இறங்குவதுதான் கடினமான சோதனை. அதைக் கணினியில் செய்தோம். பொம்மை மனிதன் அழகாகச் சரிவிறங்கினான். நான் திரையைப் பார்த்துக் கைதட்டியது நினைவிருக்கிறது.

முதலில் அணிந்து பார்க்க ஏழுமலை என்பவர் ஒப்புக்கொண்டார். கலசப்பாக்கம் பக்கத்தில் விவசாயி. கதிரடிக்கும் இயந்திரத்தில் காலை இழந்தவர். எங்கள் முற்றத்தில் கட்டியிருந்த சரிவுப் பாதையில் அவர் இறங்கி நடப்பதைப் பார்க்க ஓர் அறக்கட்டளையிலிருந்து ஆட்கள் வருவதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிடித்திருந்தால் மாவட்டம் முழுக்க நிறையப் பேருக்கு அந்த மூட்டு போய்ச் சேரும்.

அதற்கு முந்தின வாரம் மலையில் மழை. கோமதிக்கு இணைப்பு சரியாக இல்லை. அதனால் தேவையான கோப்புகளை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மேலே போயிருந்தார். அங்கே தன் மடிக்கணினியில் சிமுலேஷனை ஓட்டிப் பார்த்தால் ஓடவில்லை. டேம்பர் கோப்பைக் காணவில்லை என்று பிழை காட்டியது. எங்களுக்கு அழைத்துச் சொன்னார்.

"இங்க நல்லாத்தான் ஓடுதுங்க" என்றேன். அலுவலகத்தில் இருந்த எல்லாக் கணினியிலும் ஓடியது. "உங்க லேப்டாப்ல எதுனா கோளாறா இருக்கும். திருப்பிக் காப்பி பண்ணுங்க."

அவர் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "இங்க ஏன் ஓடலன்னு எனக்குத் தெரியுதுங்க. அங்க ஏன் ஓடுதுன்னுதான் தெரியல."

எனக்கு விளங்கவில்லை. ஓடாததற்குத்தான் காரணம் தேடுவார்கள். ஓடுவதற்கு யாராவது காரணம் கேட்பார்களா? ரகுபதி சார் அலைபேசியை வாங்கி, "கோமதி, இன்னும் ரெண்டு நாள்ல ஆளுங்க வர்றாங்க. இப்ப இதெல்லாம் வேணாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சோதனை நாளன்று காலை கோமதி வந்து நின்றார். முதல் பஸ்ஸில் மலையிறங்கி, போளூரில் மாறி வேலூருக்கு வந்திருக்கிறார். வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளிறியிருந்தது. ஏழுமலை ஏற்கெனவே வந்து முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதிய மூட்டைப் பொருத்தியாகிவிட்டது. அறக்கட்டளைக்காரர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோமதி யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேரே என் கணினிக்கு வந்தார்.

"சார், நடக்க வெக்காதீங்க. கொஞ்ச நேரம் குடுங்க எனக்கு."

"இன்னாம்மா இது, வந்தவங்க முன்னால?" என்று ரகுபதி சார் தாழ்ந்த குரலில் கடிந்துகொண்டார்.

அப்போது கோமதி சொன்ன விளக்கத்தை நான் பிற்பாடு பலருக்கும் சொல்லியிருக்கிறேன். எங்கள் கோப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பவை. நடை என்ற பெரிய கோப்பு, 'மூட்டுக் கோப்பை எடுத்துக்கொள்' என்று சொல்லும். மூட்டுக் கோப்பு, 'என் பக்கத்தில் இருக்கும் டேம்பர் கோப்பை எடுத்துக்கொள்' என்று சொல்லும். முழு முகவரி எழுதுவதில்லை. பக்கத்தில், உள்ளே, ஒரு படி மேலே என்றுதான் எழுதுவோம். அப்படி எழுதினால்தான் எல்லாவற்றையும் வேறு கணினிக்கு மாற்றினாலும் வேலை செய்யும்.

"சார், நான் ஜமுனாமரத்தூர்ல இருந்துகினு, 'சாவி பக்கத்து வூட்ல இருக்குது, வாங்கிக்கோங்க'ன்னு ஃபோன்ல சொன்னா, நீங்க எங்க போய்க் கேப்பீங்க?"

"உங்க பக்கத்து வூட்ல."

"இந்த சாஃப்ட்வேர் ஃபோன எடுத்தவங்க பக்கத்து வூட்ல போய்க் கேக்குது. மூட்டு ஃபைல் 'பக்கத்துல'ன்னு சொன்னா, மூட்டுக்குப் பக்கத்துல தேடணும். இது நடை ஃபைலுக்குப் பக்கத்துல போய்த் தேடுது. என் லேப்டாப்ல அங்க ஒண்ணும் இல்ல. அதனால 'காணோம்'னு சொல்லிடுச்சி. அது நல்லது. இங்க அந்தப் பக்கத்து வூட்லயும் ஒரு சாவி குடுத்துட்டாங்க. அதான் பிரச்சன."

சொல்லிக்கொண்டே கோப்புறைகளைத் திறந்து காட்டினார். நடைக் கோப்புக்குப் பக்கத்தில் டேம்பர் என்ற பெயரிலேயே இன்னொரு கோப்பு இருந்தது. பழைய, பெரிய டேம்பரின் அளவுகள். எப்போதோ யாரோ வைத்தது, நாங்கள் எல்லோரும் மறந்துபோனது. இத்தனை நாளாகச் சரிவிறங்கிக்கொண்டிருந்த பொம்மை மனிதன் பழைய டேம்பரோடு இறங்கியிருக்கிறான். வெளியே ஏழுமலையின் காலில் இருந்தது புதியது.

"நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம் சார்," என்றார் கோமதி. "ஓட்டிப் பாத்துடலாம்."

பழைய கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, புதிய டேம்பருக்கு முழு முகவரி எழுதி ஓட்டினார். பொம்மை மனிதன் சரிவில் இரண்டு அடி வைத்தான். மூன்றாவது அடியில் மூட்டு மடங்கி முகம் குப்புற விழுந்தான். மறுபடியும் ஓட்டினார். மறுபடியும் விழுந்தான்.

ரகுபதி சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே டீக் கோப்பைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

ஏழுமலைக்கு யார் சொல்வது என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது கோமதியே போனார். ஏழுமலைக்குக் கோபம். மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையைப் பறிக்கிற நாளில் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"இன்னாம்மா, காலும் இருக்குது, நானும் இருக்கேன். நடக்கக் கூடாதுன்றியே."

கோமதி மடிக்கணினியைக் கொண்டுபோய் அவர் மடிமேல் வைத்தார். "இது நீங்கதாண்ணா. உங்க எட, உங்க உயரம். பாருங்க."

ஏழுமலை பொம்மை மனிதன் விழுவதைப் பார்த்தார். "இன்னொருவாட்டி போடு" என்றார். போட்டார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவன் வுழுந்தா நீ திருப்பி எழுப்பி வுட்டுடற" என்று மட்டும் சொன்னார். பிறகு மூட்டைக் கழற்றித் தரச் சொன்னார்.

வந்திருந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மரியாதையாகத்தான் போனார்கள். ஆனால் அந்த ஆண்டு அவர்களிடமிருந்து வேறு பேச்சு வரவில்லை. ரகுபதி சார் பல வாரங்கள் கோமதியிடம் வேலையைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. அவர்மேல் கோபமா, தன்மேல் கோபமா என்று எனக்குத் தெரியாது. கோமதி அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். "நான் ஃபோன்லயே இன்னும் நல்லா சொல்லியிருக்கணும். சொல்லத் தெரியல. அதான் பஸ்ஸேறி வந்தேன்."

பழைய கோப்பை அழித்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். அவர் அப்படி நினைக்கவில்லை. "நம்ம கிட்ட கண்டுபுடிச்சிட்டோம். இத வெச்சிருக்கற மத்தவங்க?" என்று கேட்டார். அந்த மென்பொருளை எழுதுகிறவர்கள் கூடிப் பேசும் இணையத் தளத்தில் போய் எழுதினார். ஒரு கோப்பு இன்னொன்றை அழைத்தால், அழைக்கிற கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் தேட வேண்டும் என்று சொல்லி, அதற்கான மாற்றத்தையும் தானே எழுதி அனுப்பினார்.

அதில் முதல் முயற்சி தவறியது. ஒவ்வொரு கோப்புக்குள் நுழையும்போதும் மென்பொருள் தான் நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பை விட்டு வெளியே வரும்போது பழைய இடத்துக்குத் திரும்பவும் வேண்டும். கோமதி முதலாவதை எழுதி இரண்டாவதை விட்டுவிட்டார். உள்ளே போன பிறகு வருகிற எல்லாக் கோப்புகளும் காணாமல் போயின. யாரோ ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியபோது நாங்கள் திரையில் பேசிக்கொண்டிருந்தோம். கோமதி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "உள்ள போனவன் வெளிய வர மறந்துட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கீழே சந்தைக்காரர்கள் மேலே பார்த்திருப்பார்கள்.

அதைச் சரிசெய்த பிறகுதான் உண்மையான எதிர்ப்பு வந்தது. பல ஆண்டுகளாகப் பலர் அந்தத் தவறான முறைக்கு ஏற்றாற்போலத் தங்கள் கோப்புகளை எழுதி வைத்திருந்தார்கள். திடீரென்று மாற்றினால் அவர்களுடையது எல்லாம் நின்றுபோகும். ஒருவர் கொஞ்சம் கடுமையாகவே எழுதினார். நான் கோமதியிடம், "நம்ம பக்கம்தான நியாயம், விட்டுத் தராதீங்க" என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"அவங்க வேணும்னா தப்பா எழுதுனாங்க? அது எப்பிடித் தேடுச்சோ அப்பிடி எழுதுனாங்க. நாளைக்குக் காலைல எழுந்து பாத்தா அவங்க வேல நின்னிருந்தா, நம்மளத்தான திட்டுவாங்க?"

அந்த மழைக்காலம் முழுக்க, மற்றவர்கள் பகிர்ந்து வைத்திருந்த பழைய மாதிரிகளை எடுத்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். இயந்திரக் கைகள், நாலு கால் எந்திரங்கள், யாரோ ஒரு மாணவர் செய்த தவளை. தவளையை எனக்கு அனுப்பி, "இது நல்லா குதிக்குதுங்க" என்று எழுதியிருந்தார். கடைசியில் அவர் எழுதிய முறை இதுதான். முதலில் அழைக்கிற கோப்புக்குப் பக்கத்தில் தேட வேண்டும். அங்கே இல்லாவிட்டால் மட்டும் பழைய முறைப்படி தேடலாம், ஆனால் அப்படிச் செய்வதைப் பயனாளருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் ஓடக் கூடாது. நின்று, எது வேண்டும் என்று கேட்க வேண்டும்.

இந்த மூன்றாவதைச் சிலர் வேண்டாம் என்றார்கள். இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று கேட்டார்கள். கோமதி ஏழுமலையின் பெயரைச் சொல்லாமல், ஒரு சரிவையும் ஒரு மூட்டையும் பற்றி மட்டும் சுருக்கமாக எழுதினார். அதற்கு யாரும் மறுப்பு எழுதவில்லை. மாற்றம் ஏற்கப்பட்டது. கடுமையாக எழுதியிருந்தவர்தான் அதைச் சேர்த்துக்கொண்டார். நீங்கள் எந்த ஊர் என்றும் கேட்டிருந்தார். 'மேலே, மலையில்' என்று எழுதியிருந்தார் கோமதி. எங்கேருந்து மேலே என்று நான் கேட்டேன்.

புதிய டேம்பரைத் திருத்தினோம். எண்ணெய் போகும் துளையை மாற்றினோம். பல முறை விழுந்த பிறகு பொம்மை மனிதன் விழாமல் இறங்கினான். ஏழுமலையும் இறங்கினார். அன்று கோமதி பஸ்ஸேறி வந்திருந்தார். ஏழுமலை சரிவின் அடியில் நின்று திரும்பி மேலே பார்த்தார். "மறுபடி ஏறட்டா?" என்று கேட்டார். "ஏறுங்கண்ணா" என்றார் கோமதி. அன்று மாலை ரகுபதி சார் கோமதியைத் தன் காரிலேயே பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவருமே சொன்னதில்லை. அறக்கட்டளைக்காரர்கள் அடுத்த ஆண்டு தாமாகவே வந்தார்கள்.

இந்த ஆண்டு அவர் எடுத்துக்கொண்ட வேலை, சுமையோடு நடப்பது. நாங்கள் செய்த கால்கள் எல்லாம் வெறுங்கையோடு நடப்பவருக்கானவை. தலையில் மூட்டையோடு மலையிறங்குகிறவருக்கு அவை பொருந்துமா என்று அவருக்குச் சந்தேகம். ஊருக்குப் போய், நல்ல கால்களோடு ஒருவர் சுமையைத் தூக்கிக்கொண்டு எப்படி இறங்குகிறார் என்று காணொளி எடுத்து வந்தார். அதிலிருந்து அளவெடுத்து ஒரு புதிய பொம்மை மனிதனை உருவாக்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் மாலை நாங்கள் சண்டை போட்டது அவனைப் பற்றித்தான். சுமையைத் தனிக் கோப்பாக வைக்க வேண்டுமா, உடம்போடு சேர்த்து எழுத வேண்டுமா என்று. சேர்த்து எழுதுவதுதான் எளிது என்றேன் நான். "எறக்கி வெக்கணும்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். காலையில் நான் அனுப்பிய கேள்வி அதற்கான என் பதில். அவர் அதைப் படித்தாரா என்று தெரியவில்லை.

அடக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அந்த மலைப் பாதையில் அதற்கு முன் ஒரு முறைகூட நான் ஏறியதில்லை. இத்தனை ஆண்டுகளாக அவர்தான் இறங்கி வந்திருக்கிறார். வழியெல்லாம் ரகுபதி சார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வண்டி போகிற வரைக்கும் போய்விட்டு அப்புறம் நடந்தோம். சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து காலைல டீ போட்டுக் குடுத்தா சார்" என்று சொன்னார். எனக்கு அப்போதும் ஏதோ தவறு நடந்திருக்கிறது, யாரோ வந்து சரிசெய்துவிடுவார்கள் என்றுதான் இருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு கோமதியின் அப்பா என்னைக் கூப்பிட்டார். மெலிந்த மனிதர். அழுது முடித்த முகம்.

"நீங்கதான் பாப்பாகூட வேல செஞ்சவரா?"

"ஆமாங்க."

"இன்னா வேலம்மான்னு கேப்பேன். 'கால் செய்யறோம்ப்பா'ன்னும். கையில மரமும் இல்ல, இரும்பும் இல்ல. பொட்டிய வெச்சிகினு தட்டிகினே இருக்கும். இன்னா வேல சார் செஞ்சிச்சி அது?"

சொல்ல முயன்றேன். கோப்பு, மென்பொருள் என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். ஒருவர் சரிவில் விழ இருந்தார், உங்கள் மகள் அதை முன்கூட்டியே பார்த்துவிட்டார், முதல் பஸ்ஸில் வந்து நிறுத்திவிட்டார் என்றேன்.

"அந்தாளு பேரு இன்னா?"

"ஏழுமலைங்க. கலசப்பாக்கம் பக்கம்."

"இப்ப நடக்கறாரா?"

"நடக்கறாருங்க."

அவர் தலையாட்டினார். "போன மாசம் வந்து, 'மூட்டையத் தூக்கிகினு எறங்குப்பா'ன்னுச்சி. எறங்குனேன். திருப்பி ஏறி எறங்கச் சொல்லிச்சி. எதுக்குன்னு நானும் கேக்கல" என்றார்.

அந்தக் காணொளியில் இருப்பவர் யார் என்று கோமதி எங்களிடம் சொன்னதே இல்லை. முகம் தெரியாதபடி இடுப்புக்குக் கீழேதான் எடுத்திருந்தார். சில வாரங்களாக என் திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்த நடை இந்த மனிதருடையது. அதை அவரிடம் சொன்னேன். உங்கள் நடை எங்களிடம் இருக்கிறது, இனி செய்கிற கால்களை அதைப் பார்த்துத்தான் செய்யப் போகிறோம் என்றேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

பிறகு எழுந்து போனார். மிருகங்கள் கிளறாமல் இருக்க, புதிய மண்ணின்மேல் முள் போட வேண்டும். இளைஞர்கள் வெட்டிக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். அவர்கள் போடுகிறோம் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு கிளையாக எடுத்து, முனை வெளிப்பக்கம் இருக்கும்படி திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். கையில் குத்தியதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நாங்கள் கிளம்பும்போதும் அவர் முடிக்கவில்லை.

கோமதி, சுமையைத் தனியாகவே எழுதிவிட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி. இதை உங்களிடம் சொல்ல எனக்கு இனி ஓர் இடம் இல்லை என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. நிம்மதியாக இருங்கள்.